மண்டபத்து வாயில்

அக்கரைச் சீமை: வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 9

காப்பித் தோட்டங்களின் காலத்தில் தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகவே கடந்து மாத்தளை மலையடிவாரத்தை அடைந்த கூட்டங்களைச் சென்ற அத்தியாயத்தில் பின்தொடர்ந்து வந்தோம். அந்த வழியில் வாந்திபேதி கண்டு விழுந்தவனை ஏனென்று கேட்கும் பொறுப்பு, அவன் புறப்பட்ட கரையின் துரைத்தனத்துக்கும் இல்லை. அவன் போய்ச் சேர வேண்டிய கரையின் துரைத்தனத்துக்கும் வெகுகாலம் இருந்ததில்லை. அறுவடைக்குப் போய் அறுவடை முடிந்ததும் திரும்புகிற ஆண்பிள்ளைகளாகவே அவர்களில் பெரும்பாலோர் இருந்தபடியால், ஊரைவிட்டுப் போனவன் ஊருக்கே திரும்புவான் என்று இரு கரையாரும் எண்ணியிருந்தார்கள்.

1869-ஆம் வருஷத்தில் காப்பிச் செடியின் இலையில் தோன்றிய பூசண நோய் அந்த எண்ணத்தையும் சேர்த்து அழித்துவிட்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பிப் பழத்தைப் பறிப்பதற்குச் சில மாதங்கள் போதும். தேயிலைக் கொழுந்தோ வருஷம் முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருப்பது, வாரத்துக்கு வாரம் கிள்ளாவிட்டால் முற்றிப்போவது, ஆண் கையைவிடப் பெண்ணின் விரல்களையே அதிகம் நாடுவது. ஆகவே தோட்டத்துத் துரைமாருக்கு வந்து போகிற ஆள் பயன்படவில்லை. மனைவி மக்களோடு வந்து தங்கிவிடுகிற குடும்பம் வேண்டியதாயிற்று. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பிரதேசங்களில் மழை பொய்த்த ஊர்களிலிருந்தும், சொந்த நிலமென்று ஒரு காணியும் இல்லாத சேரிகளிலிருந்தும், பானையும் பாயும் பிள்ளையுமாகக் குடும்பங்கள் புறப்பட்டன.

இப்படிப் புறப்பட்டவர்களை இரண்டு அரசாங்கங்கள் எண்ணத் தொடங்கியதும், எண்ணியதோடு நில்லாமல் ஒன்றோடொன்று பேசி ஏற்பாடுகள் செய்துகொண்டதும், அந்த ஏற்பாடுகள் எந்த இடத்தில் வந்து முட்டி நின்றன என்பதுமே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

1914-ஆம் வருஷம் இக்கதையில் ஒரு திருப்பம். அவ்வாண்டின் தொடக்கத்தில், ஒன்றேகால் மைல் நீளமுள்ள பாம்பன் பாலம் கடலின்மேல் திறக்கப்பட்டு, இரயில் தனுஷ்கோடி வரையில் ஓடலாயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் இருபத்திரண்டு மைல் நீர்வழி; அவ்வழியே போய்வர கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று இராஜப்பிரதிநிதிகளின் பெயரைத் தாங்கிய நீராவிக் கப்பல்கள் விடப்பட்டன; தலைமன்னாரில் மறுபடியும் இரயில் காத்திருந்தது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரையில் போய்விடலாம். ‘போட் மெயில்’ என்று ஜனங்கள் பெயரிட்டழைத்த இந்தப் பிரயாணம் வர்த்தகருக்கும் உத்தியோகஸ்தருக்கும் எவ்வளவு சௌகரியமாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் மண்டபத்தில் தங்காமலே கடந்துவிடுவார்கள்; தோட்டத்துக்குப் போகிறவனோ மண்டபத்தில் இறங்கியாக வேண்டும்.

மண்டபம் என்பது, பாம்பன் நீரிணையைத் தொடுமுன் தரைப்பகுதி முடிவடைகிற முனையில், மணலும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் ஊர். தூத்துக்குடிக் கப்பல்வழி மேலோங்கியிருந்த நாளில் தட்டப்பாறை முகாமில் நடைபெற்ற சோதனைக் காரியங்கள், புதிய இரயில்வழி திறந்தபின் இங்கே வந்து சேர்ந்தன. இங்கே அமைந்த பெரிய முகாமின் விசேஷம் என்னவென்றால், அது இருந்த மண் இந்தியாவின் மண், அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். ஒரு தேசத்துக்குள் நுழைகிறவனைச் சோதிக்கும் வாசலை அந்தத் தேசத்தின் கரையில் வைப்பதுதான் உலக வழக்கு. இவர்களுக்கோ இலங்கையின் வாசல் இந்தியாவிலேயே திறந்தது. இரு கரைக்கும் ஒரே சக்கரவர்த்தி அதிபதியாக இருந்த காலம் என்பதால் இந்த ஏற்பாடு ஒருவருக்கும் விநோதமாகத் தோன்றவில்லை. பிளேக், அம்மை, வாந்திபேதி ஆகிய மூன்றும் கடல் தாண்டிவிடக் கூடாது என்பதே வெளிப்படையான காரணம். ஆனால் ஆள் வேண்டுகிற துரைமாருக்கும், நோயை வேண்டாத அரசாங்கத்துக்கும், தன் பிரஜைகள் எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பிய மற்றோர் அரசாங்கத்துக்கும் ஒரே இடத்தில் காரியம் நடந்துவிட்டது என்பது அதனினும் பெரிய காரணம்.

முகாமுக்குள் வந்தவர்கள் சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டும். உடுத்து வந்த துணி நீராவியில் வேகவைத்துத் திருப்பித் தரப்படும், அம்மைப்பால் வைக்கப்படும், குடலிலுள்ள கொக்கிப்புழு வெளியேற மருந்து கொடுக்கப்படும், வைத்தியர் பார்த்துத் தகுதி என்று சொன்ன பிறகே கப்பல். ஊரில் வைத்தியனைக் காணாமலே வாழ்ந்து பழகிய ஜனங்களுக்கு இதனால் நன்மை உண்டாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. காட்டு வழியின் சாவையும் மண்டபத்தின் ஊசியையும் ஒரே தராசில் வைக்கும் எந்த நியாயமான சரித்திரக்காரனும் ஊசியின் பக்கமே பேசுவான். ஆயினும், வந்தவர்களின் உடம்பை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த அந்த முகாமில், அவர்கள் திரும்புவார்களா, திரும்பாவிட்டால் எந்த நாட்டார் ஆவார்கள் என்ற வினாவை எழுதிக்கொள்ள ஒரு கட்டம் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கத்துக்கு வந்துவிட்ட தகர வில்லையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண்; அத்தோட்டத்துக்கு வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண்; இரண்டும் பொறித்த சிறு தகரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டால், எழுத்தறியாதவனும் வழி தவறாமல் போய்ச் சேருவான். இரயில் கட்டணமும் வழிச் சோறும் அந்தத் தகரத்தைப் பார்த்தே கொடுக்கப்படும்; கணக்கு நேராகத் தோட்டத்துக்குப் போகும். முன்பு ஆள் திரட்டும் கங்காணியின் கையில் பணத்தைக் கொடுத்து, அவன் அதில் பாதியை விழுங்கினான் என்று புலம்பிய துரைமாருக்கு இது பெரிய நிம்மதி. சாமானுக்கு விலாசச்சீட்டு ஒட்டுவது போல மனிதனுக்கும் ஒட்டினார்கள் என்று பின்னாளில் கண்டித்தவர்கள் உண்டு. எனக்கு அதனினும் உறுத்தலாகத் தோன்றுவது, அந்தத் தகரத்தில் அவன் போகிற இடம் இருந்தது, அவன் வந்த ஊர் இல்லை என்பதுதான்.

கங்காணியைப் பற்றி முன்னரே விரித்துரைத்திருக்கிறோம். ஊரில் அவன் அண்ணன், மாமன், சித்தப்பன் என்று ஏதேனும் ஒரு முறை சொல்லி அழைக்கத்தக்கவன். ஆள் கட்டப் புறப்படும்போது தலைப்பாகையும் கோட்டும் காதில் கடுக்கனுமாகத் தோட்டத்தின் செல்வத்துக்குத் தானே சாட்சியாக நிற்பவன். முன்பணம் தோட்டத்தின் பணம். அது கங்காணியின் பேரில் பற்று எழுதப்படும். கங்காணி அதை ஆட்களின் பேரில் பகிர்ந்து எழுதிக்கொள்வான். ஊரில் அடைத்த பழைய கடன், வழிச் செலவு, கம்பளி, கல்யாணம், சாவு ஆகிய அனைத்தும் அந்தப் பற்றில் ஏறும். காலையில் பெரட்டுக் களத்தில் எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனை பேருக்கும் கணக்கிட்டுக் கங்காணிக்குத் தலைக்காசு உண்டாகையால், ஆளின் கடன் தீராமலிருப்பதும் ஆள் தோட்டத்தை விட்டுப் போகாமலிருப்பதும் அவனுக்கு ஒரே இலாபத்தின் இரு முகங்கள்.

ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இன்ன கங்காணியும் அவன் கூட்டமும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைச் செலுத்தினால் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்குத்தான் துண்டு என்று பெயர். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றுக்கொள்வார். ஆள் தட்டுப்பாடு மிகுந்த நாளில் அதற்கு மேலும் சிறிது கொடுத்து இழுத்துக்கொள்வார். கங்காணிக்குக் கொடுத்த அந்த மேற்படியும் இறுதியில் ஆட்களின் பற்றிலேயே வந்து நின்றது. கடனைத் தீர்ப்பதற்காக இடம் மாறியவன், மாறிய இடத்தில் அதிகக் கடன்காரனாக நின்றான். இலங்கையில் பிஜித் தீவிலும் மொரீஷியஸிலும் இருந்தது போன்ற ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிமுறை இல்லை, இங்கே தொழிலாளி மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகும் சுதந்திரமுள்ளவன் என்று துரைமார் சங்கம் பெருமை பேசிக்கொண்டது. சட்டப் புத்தகத்தில் அது மெய், துண்டுக் காகிதத்தில் பொய்.

இந்த நிலையை அசைத்தது தோட்டங்களின் தயாளம் அன்று. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியா முழுவதும் மூண்ட கண்டனத்தின் வேகத்தில், வெளிநாடு போகும் தொழிலாளரின் விஷயம் இந்தியச் சட்டசபையின் விஷயமாகிவிட்டது. 1922-ஆம் வருஷத்து இந்தியக் குடியகல்வுச் சட்டம் ஒரு புதிய நியாயத்தை ஸ்தாபித்தது. பயிற்சியற்ற தொழிலாளரைச் செலவு கொடுத்து அழைத்துப்போவது பொதுவாகத் தடை. சட்டசபையின் இரு மன்றங்களும் சம்மதித்து அறிவிப்பு வெளியிட்ட நாடுகளுக்கு மட்டும், குறிப்பிட்ட ஷரத்துக்களின் பேரில் அனுமதி. ஆள் வேண்டுகிற நாடு முதலில் ஷரத்துக்கு இணங்க வேண்டும் என்ற நிலை அப்போதுதான் உண்டாயிற்று. கதவு இந்தியாவின் பக்கம் திறப்பது. இதுகாறும் அதன் தாழ்ப்பாள் அக்கரையார் கையிலிருந்தது. இப்போது அது இடம் மாறியது.

இலங்கை அரசாங்கமும் காரியம் தெரிந்து நடந்துகொண்டது. 1921-ஆம் வருஷத்துச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போனவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கனுப்பும் பழைய விதியும் அதையொட்டி நீங்கிற்று. 1923-இல் தோட்டங்கள் யாவும் பணம் செலுத்தும் ஒரு பொது நிதி சட்டபூர்வமாக அமைந்து, ஆட்களை அழைத்துவரும் செலவு முழுவதும் அதைச் சார்ந்தது. அச்செலவில் ஒரு காசும் தொழிலாளியின் பற்றில் ஏறக் கூடாது என்று ஏற்பட்டது. வந்து ஒரு வருஷத்துக்குள் உடல்நலக் குறைவாலோ, வேலை தன் சக்திக்கு ஒவ்வாமையாலோ, அநியாயமாக நடத்தப்பட்டதாலோ ஊர் திரும்ப விரும்பியவனை இலவசமாகத் திருப்பியனுப்பவும் வழி வகுத்தார்கள். பழைய பற்றுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாறுதல் என்பது விளங்கும்.

இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக ஒரு ஏஜெண்டு கண்டியில் வந்து அமர்ந்தார். தோட்டங்களுக்கு நேரில் செல்லவும், தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் பார்வையிடவும், பிராது கேட்கவும், வருஷந்தோறும் அறிக்கை எழுதவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. கட்டளையிடும் அதிகாரம் இல்லை, எனினும் தோட்டத்துக்குள் துரையின் அனுமதியில்லாமல் சொந்தக்காரனும் நுழைய முடியாதிருந்த அந்நாளில், தன் சொந்த அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்று, “என்ன குறை?” என்று கேட்டது சிறிய விஷயமன்று.

இவ்வேற்பாடுகளின் சிகரமாக 1927-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இரு அரசாங்கங்களும் பல ஆண்டுகள் கடிதம் எழுதி, வாழ்க்கைச் செலவை ஆராய்ந்து, துரைமார் சங்கத்தின் ஆட்சேபணைகளைக் கேட்டு, குறைத்தும் கூட்டியும் முடிவுக்கு வந்த சட்டம் அது. 1929-இல் அமுலுக்கு வந்தபோது உயர்ந்த மலைப்பிரதேசத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று கூலி நிர்ணயமாயிற்று. இடைநாட்டிலும் தாழ்நாட்டிலும் இவை சிறிது குறைவு. அரிசி ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்படாமல் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் உடன்பாடு. தேயிலை பெண்ணின் விரலால் பிழைத்த தொழில் என்று மேலே சொன்னோம். அந்த விரலுக்கு 11 சதம் குறைத்து விலை வைப்பதில் இரு அரசாங்கங்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழவில்லை.

ஆகவே, அண்டை நாடுகள் தொழிலாளரின் போக்குவரத்தைப் பற்றிப் பரஸ்பரம் பேசி ஒழுங்கு செய்வதற்கு முன்மாதிரி தேடுவோர், 1923 முதல் 1929 வரையிலான இந்த ஆறேழு வருஷங்களை ஆதரவோடு படிக்கலாம். ஆள் திரட்டும் செலவு யாருடையது, கூலி எவ்வளவு, பிராதை யார் கேட்பது, திரும்பும் வழி எது என்ற நான்குக்கும் ஒருவாறு விடை சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வினா ஒன்று இருந்தது. திரும்பாதவன் யாருடையவன் என்பதே அது.

அவ்வினாவை எழுப்பியவர்கள் தொழிலாளர் அல்லர். வாக்குரிமையே அதை எழுப்பிற்று. 1931-ஆம் வருஷத்து டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமையைக் கொடுத்தபோது, மலைநாட்டுத் தோட்டத்தில் வாழும் இந்தியனுக்கும் அது உண்டா என்ற விவாதம் மூண்டது. நிரந்தரமாகத் தங்கியவர் என்ற அத்தாட்சி, வாசகாலம், கல்வி, சொத்து என்று நிபந்தனைகள் அடுக்கப்பட்டன. கண்டிச் சிங்களக் குடியானவரின் மனத்தாங்கலையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1840-ஆம் வருஷத்துத் தரிசு நிலச் சட்டத்தினால் கிராமத்துக்கு மேலிருந்த காடும் புல்வெளியும் அரசுடைமையாகித் தோட்டமாகிவிட, தன் தலைக்குமேல் எழுந்த பச்சை மலையில் தனக்கு இடமில்லாமல் போனவன் அவன். அந்த மலையை எடுத்தவன் வெள்ளைத் துரை. கண்ணுக்கு எதிரே நின்றவனோ கொழுந்துக் கூடையைச் சுமந்த தமிழன். கோபம் எட்டாத இடத்தை விட்டு எட்டுகிற இடத்தில் போய் விழுந்தது.

இந்தக் காலத்திலேயே தஞ்சாவூர் சீமையிலிருந்து போன கோ. நடேசய்யர், பத்திரிகையாலும் சட்டசபைப் பேச்சாலும், 1931-இல் ஹட்டனில் அமைத்த தொழிலாளர் சம்மேளனத்தாலும், தோட்டத்துத் தொழிலாளியை ஏஜெண்டின் அறிக்கையில் காணும் ஓர் எண் என்ற நிலையிலிருந்து தன் வாயால் பேசுகிற மனிதன் என்ற நிலைக்கு உயர்த்த முற்பட்டார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் சென்று பாடிப் பிரசாரம் செய்தார். ஆனால் உலகெங்கும் வந்த வியாபார மந்தம் தேயிலையையும் ரப்பரையும் வீழ்த்திவிட்டது. அரும்பாடுபட்டு நிர்ணயித்த கூலி சில வருஷங்களிலேயே குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அரசாங்கச் செலவில் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பும் வழி என்று சட்டத்தில் இரக்கத்தோடு எழுதப்பட்டது, வேண்டாதபோது வெளியேற்றும் வழியாகவும் பயன்படும் என்பது அப்போது தெரியவந்தது.

1939-இல் இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் நாட்கூலிக்கிருந்த இந்தியரை நீக்கத் தீர்மானித்தது. ஜூலை மாதத்தில் ஜவாஹர்லால் நேரு கொழும்பு சென்று சமரசம் பேசினார், பலிக்கவில்லை. அம்மாதம் 25-ஆம் தேதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. 1922-இல் தன் கைக்கு வந்த தாழ்ப்பாளை இந்தியா அன்றுதான் இறுகப் போட்டது.

அரசாங்கத்தின் கௌரவத்தை நோக்கினால் அது தகுந்த பதிலாகவே இருக்கலாம். ஆனால் அதன் பாரம் விழுந்த இடம் வேறு. தாயின் நோவுக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் குலதெய்வத்தின் பொங்கலுக்கும் ஊருக்கு வந்து திரும்புவது தோட்டத்துக் குடும்பங்களின் வழக்கம். இப்போது வந்தவன் மறுபடியும் அக்கரை போக முடியாது. லயத்தில் மனைவி மக்களை விட்டுவந்தவன் இக்கரையில் நின்றான். அதைக் கேள்விப்பட்டவன் அக்கரையை விட்டு அசையவில்லை. இதுகாறும் இரண்டு ஊர்க்காரனாக இருந்தவனை, ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்துகொள் என்று தடையுத்தரவு சொல்லிற்று. அவன் தேர்ந்துகொண்ட ஊர் அவனைத் தேர்ந்துகொள்ளுமா என்று மட்டும் அது சொல்லவில்லை.

பிறகு மகாநாடுகள். 1940 நவம்பரில் டில்லியில் இரு தரப்பாரும் கூடிப் பேசி, உடன்பாடின்றிப் பிரிந்தார்கள். 1941 செப்டம்பரில் கொழும்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையில் இந்தியத் தூதுக்குழு பேசிக் கூட்டறிக்கை ஒன்றை எழுதிற்று. ஏற்கெனவே இலங்கையில் இருந்தவர்களைப் பல வகையாகப் பிரித்து, வகைக்கொரு விதமாக உரிமையை அளந்து கொடுத்த அந்த அறிக்கை இந்தியாவில் கண்டனத்துக்குள்ளாகி, அங்கீகாரம் பெறாமலே கிடந்தது. 54 சதமா 50 சதமா என்பதில் ஒருவரையொருவர் அரைச் சதம் வரையில் புரிந்துகொண்ட அதே இரு அரசாங்கங்கள், மனிதனைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோது பொதுவான சொல் ஒன்று இல்லாமல் நின்றன. உழைப்பை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோகும் கலையை முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்டவர்கள், உழைப்போடு கூடவே ஒரு மனிதனும் வந்துவிடுகிறான் என்பதை அதுவரையில் எந்த ஷரத்திலும் எழுதவில்லை.

எழுதாமல் விட்டதை 1948-ஆம் வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் தன் போக்கில் எழுதிற்று. அதன் பின் 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் 9,75,000 பேர் என்ற ஒரு தொகை வகுக்கப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னால் பேசிக்கொள்ள. அவர்களில் ஒருவரும் அந்த மேஜையருகே உட்காரவில்லை. உடன்படிக்கை எழுதி இரண்டு மாதம் ஆகுமுன்னரே டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. அக்கப்பலில் திரும்பி வந்தவர்களை இறக்கி, பெயர் பதிந்து, அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்க ஒரு முகாம் வேண்டியிருந்தது. புதிதாகக் கட்ட அவசியம் நேரவில்லை. மண்டபத்தில் அது தயாராகவே இருந்தது.

பாட்டனும் பாட்டியும் சோதிக்கப்பட்டு வெளியே போன அதே வாயிலில் பேரப்பிள்ளைகள் பதிவு செய்யப்பட்டு உள்ளே வந்தார்கள். இம்முறை கழுத்தில் தகரம் இல்லை. கையில் கடவுச்சீட்டு இருந்தது. அதில் அவர்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எந்த ஊருக்குப் போவது என்பதற்கு மட்டும், தகரத்தில் இருந்த தோட்டத்து எண்ணைப் போல நிச்சயமான ஒரு விலாசம் அவர்களிற் பலருக்கு இல்லை. நீலகிரி மலையில் அரசாங்கம் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கச் சென்றவர்களின் கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)